பர்கருக்கு உப்பு போடும் நேரம்

மிஷிகனில் மே மாதக் கடைசித் திங்கள், மெமோரியல் டே வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கிரில் மேல் போர்த்தியிருந்த உறை கழன்றுவிடும். அன்று தொடங்கி செப்டம்பர் முதல் திங்கள், லேபர் டே வரை வார இறுதி என்றால் தெருவெங்கும் புகை வாசனைதான். டெட்ராய்ட் புறநகர்களில் கார் கம்பெனி வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கில்லை. பூங்காவில் கூரை போட்ட இடம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு எல்லோரும் கூடுவோம். ஒரு மேசையில் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பக்கத்திலேயே கரி அடுப்பில் சோளக்கதிரும் பர்கரும்.

இந்தக் கூட்டங்களில் தவறாமல் வந்து சேரும் ஒரு பொருள், மூடி போட்ட பெரிய எவர்சில்வர் பேசின். முந்தின ராத்திரியே கொத்துக்கறியில் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கரம் மசாலா, வெங்காயம், முட்டை, உப்பு எல்லாம் போட்டு நன்றாகப் பிசைந்து, ஃபிரிட்ஜில் ஊறவைத்துக் கொண்டு வந்திருப்பார்கள். அமெரிக்க வீடுகளிலும் இதே வழக்கம் வேறு உருவில் உண்டு. லிப்டன் வெங்காய சூப் பொடியை ஒரு பாக்கெட் உடைத்துக் கறியில் கொட்டிப் பிசைவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம். என் பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார். அவர் பேசினும் நம்மவர்கள் பேசினும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. வாசனை பிரமாதமாக இருக்கும். கடித்தால் கறி இறுகிப்போய், பல்லுக்குக் கீழே துள்ளும்.

பர்கருக்கான உப்பு கறிக்குள் போகக் கூடாது என்பது என் திடமான எண்ணம். கறியைத் தட்டி முடித்து, தணல் தயாராகி, இனி அடுப்பில் வைக்க வேண்டியதுதான் என்கிற அந்த நிமிடத்தில் வெளிப்பக்கத்தில் மட்டும் விழ வேண்டும். மசாலாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதற்கு முன்னால் உப்பின் நேரம் சரியாக வேண்டும்.

காரணம் தசையில் இருக்கிறது. மயோசின் என்று ஒரு புரதம். வெறும் தண்ணீரில் கரையாது, உப்புத் தண்ணீரில் கரையும். அரைத்த கறியில் உப்பு சேர்த்துப் பிசைந்தால் மயோசின் கரைந்து வெளியே வந்து ஒவ்வொரு துணுக்கின் மேலும் பிசுபிசுவென்று படியும். சூடு பட்டதும் அந்தப் பிசின் இறுகி, துணுக்குகளை ஒன்றோடொன்று கட்டிவிடும். சாஸேஜ் செய்கிறவர்களுக்கு இது வேண்டும், கத்தியால் வெட்டினால் வில்லை வில்லையாக நிற்க வேண்டுமே. உப்பு எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவு கட்டு கூடும். ராத்திரி முழுக்க ஊறினால் கேட்கவே வேண்டாம். பர்கருக்கு இதற்கு நேர் எதிரானது வேண்டும். துணுக்குகளுக்கு இடையில் சின்னச் சின்ன சந்துகள் இருக்க வேண்டும். உருகுகிற கொழுப்பும் சாறும் அந்தச் சந்துகளில்தான் தங்கும். கடித்த மாத்திரத்தில் உதிர்ந்து வாய் முழுக்கப் பரவ வேண்டும்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் டியர்பார்னில் ஒரு கறிக்கடைக்குப் போய் நின்றால் போதும். ஃபோர்டு கம்பெனியின் தலைமையிடம் இருக்கும் ஊர் அது; லெபனான், ஈராக், ஏமன் என்று அரபு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த ஊரும் அதுதான். வாரன் அவென்யூ நெடுக ரொட்டிக்கடை, இனிப்புக்கடை, ஹலால் கறிக்கடை. நான் வழக்கமாகப் போகும் கடையில் மாட்டுக்கறி அரைத்துக் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, "கஃப்தாவுக்கா, பர்கருக்கா?" கஃப்தா என்றால் கறியோடு வெங்காயமும் பார்ஸ்லித் தழையும் சேர்த்து இரண்டு தடவை அரைப்பார். பிறகு உப்பும் மசாலாப் பொடியும் தூவி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறியின் சிவப்பு வெளிறி, பளபளப்பு ஏறி, கையை எடுத்தால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கம்பியில் சுற்றித் தணலுக்கு மேல் பிடித்தால் நழுவி விழாமல் நிற்கிறதே, அது அந்தத் தேய்ப்பின் வேலை. பர்கர் என்று சொன்னால் மெஷினில் பெரிய துளை போட்ட தட்டை மாட்டி ஒரே தடவைதான் ஓட்டுவார். இழை இழையாக விழுவதை அமுக்காமல் காகிதத்தில் ஏந்தி, அப்படியே மடித்துத் தருவார். உப்பைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். "அது இங்கே போடுவதில்லை, வீட்டில் நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டு போட வேண்டியது" என்றார்.

நம் ஊர் கோலா உருண்டை கஃப்தாவின் பக்கம். கறியோடு பொட்டுக்கடலை சேர்த்து அரைத்து உருட்டினால் எண்ணெயில் உடையாமல் வேக வேண்டும். சீக் கபாபும் அதே வழி. எல்லாமே நல்ல சாப்பாடு, கட்டு இல்லாவிட்டால் அவை இல்லை. கொத்துக்கறியைக் கண்டதும் நம் கை பிசையப் போவது இந்தப் பழக்கத்தால்தான். பர்கருக்கு அந்தக் கையை அடக்கி, புட்டுக்கு மாவு பிசிறுகிற கையை எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், தொட்டால் உதிர வேண்டும், அந்தப் பதம். உருண்டையாக லேசாகச் சேர்த்து, பன்னைவிடச் சற்று அகலமாக, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டினால் போதும். வேகும்போது ஓரம் சுருங்கி நடுப்பகுதி பந்தாக உப்பும் என்பதால் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி வைக்க வேண்டும். கறி கடைசி வரை குளிர்ந்தே இருக்கட்டும். கைச்சூட்டில் கொழுப்பு இளகிவிட்டால் அது அடுப்புக்குப் போகும் முன்பே விரலில் பூசிக்கொண்டு போய்விடும்.

கறியைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதிச் சுவை அடங்கியிருக்கிறது. இங்கே பொட்டலத்தின் மேல் 80/20 என்று போட்டிருப்பார்கள், எண்பது பங்கு கறி, இருபது பங்கு கொழுப்பு. அமெரிக்கச் சட்டப்படி அரைத்த மாட்டுக்கறியில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்தோள் பகுதியான சக் இயல்பாகவே இந்த எண்பது இருபதை ஒட்டி வரும், மாட்டுக்கறியின் முழு வாசனையும் அதில் உண்டு. உடம்புக்கு நல்லது என்று 93/7 வாங்கி வந்து, வறண்டு போகிறதே என்று அதில் முட்டையும் எண்ணெயும் பிரெட் தூளும் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கறியைக் குழம்பு வைக்கலாம்.

சரி, எவ்வளவு உப்பு? கறியின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஒரு பவுண்டுக் கறியில் மூன்று பேட்டி, அதாவது பன்னுக்குள் வைக்கும் கறி வட்டு, தட்டினால் ஒவ்வொன்றும் 150 கிராம் வரும், அதற்கு ஒன்றரை கிராம் உப்பு. கரண்டிக் கணக்கில் சொல்வது ஆபத்து. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் கோஷர் உப்பு பெரிய பெரிய செதிலாக இருக்கும். அதில் டயமண்ட் கிரிஸ்டல் கம்பெனியின் உப்பு ஒரு டீஸ்பூன் 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மார்ட்டன் கோஷர் உப்பு ஐந்து கிராமை ஒட்டி வரும். சாதாரண மேசை உப்பு ஆறு கிராம். டயமண்ட் கிரிஸ்டலை நினைத்து எழுதிய குறிப்பில் அரை டீஸ்பூன் என்று போட்டிருப்பதைப் பார்த்து மேசை உப்பை அரை டீஸ்பூன் அள்ளிப் போட்டால் இரண்டு மடங்காகிவிடும். வீட்டில் எந்த உப்பு இருக்கிறதோ அதை ஒரு தடவை தராசில் போட்டுப் பார்த்து, மூன்று விரலில் எடுக்கும் சிட்டிகை எத்தனை கிராம் என்று கைக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

தூவும்போது கை ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். தாழ்வாகத் தூவினால் நடுவில் குவியும், ஓரம் வெறுமையாக நிற்கும். ஓரத்தில்தானே முதல் கடி. மேல்பக்கத்தில் தூவி, அந்தப் பக்கம் தணலைப் பார்க்கக் கவிழ்த்து வைத்து, இப்போது மேலே வந்த பக்கத்துக்குத் திருப்புவதற்குச் சற்று முன்னால் தூவலாம். உப்பைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் அது கறியிலிருந்து நீரை இழுத்து மேலே கொண்டுவந்துவிடும். ஈரம் முழுக்க ஆவியாகும் வரை மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி பழுப்பேறி முறுகுவதோ 140 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக நடக்கும். 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி எழுதிவைத்த வினை அது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான வாசனைகளை உண்டாக்குகிறது. தோசை ஓரம் சிவப்பதும் அதனால்தான். எந்தப் பொடியைத் தூவினாலும் அந்த முறுகலுக்கு ஈடாகாது. அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் பர்கருக்குச் செய்யும் முதல் மரியாதை.

உப்புக்கு அடுத்து மிளகு. கொரகொரப்பாகப் பொடித்தது, அன்றைக்கே பொடித்தது. இங்கே நல்ல மிளகை டெல்லிச்சேரி என்ற பெயரில் விற்கிறார்கள். மலபார் மிளகில் பருமனாகச் சலித்தெடுத்த மணிகளுக்கு அந்தப் பெயர். மிளகும் உப்பும் போதும் என்று நிறுத்திக்கொள்கிற நாள்தான் எனக்கு அதிகம். கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் மொன்ட்ரியல் மசாலாவைச் சொல்வேன். கனடாவின் மொன்ட்ரியல் நகர யூதர்களின் உணவகங்களிலிருந்து வந்த கலவை. மிளகு, கொத்தமல்லி விதை, பூண்டு, மிளகாய், சதகுப்பை விதை எல்லாம் ஒன்றிரண்டாக உடைத்தது. தனியா மாட்டுக்கறிக்கு எவ்வளவு பொருந்தும் என்பது நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இதில் பொடி நைசாக இல்லாமல் கொரகொரப்பாக இருப்பது முக்கியம், தணலில் சட்டென்று கருகாது. கடையில் வாங்கும் கலவையில் உப்பும் சேர்ந்தே வரும் என்பதால் அன்றைக்குத் தனி உப்பு வேண்டாம்.

நைசான பூண்டுப் பொடி, மிளகாய்த்தூள், கரம் மசாலா இவற்றை நேரே தணலுக்கு மேல் காட்டினால் கறி வேகும் முன்பே கருகிக் கசக்கும். சர்க்கரை சேர்த்த பார்பிக்யூ பொடி இன்னும் மோசம். கம்பித் தட்டு 230 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், சர்க்கரை அதற்கு வெகு முன்னாலேயே கருகத் தொடங்கிவிடும். மணிக்கணக்காக இளஞ்சூட்டில் வேகும் விலா எலும்புக்கு வைத்துக்கொண்ட பொடி அது. வூஸ்டர்ஷயர் சாஸ் எனக்குப் பிடிக்கும். 1837 முதல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரிலிருந்து லீ அண்ட் பெரின்ஸ் விற்றுவரும் அந்தக் குப்பியில் நெத்திலியும் புளியும் இருக்கின்றன. நாக்கில் வைத்ததும் நமக்குச் சொந்தம்போல் தோன்றுவது அந்தப் புளியால். அதையும் கறிக்குள் ஊற்றாமல் இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் தூரிகையால் மேலே ஒரு தடவு தடவினால் போதும்.

வெங்காயம் போட வேண்டாமா என்று கேட்பார்கள். உள்ளே போட்டால் தண்ணீர் விட்டுக் கறியைப் பிளக்கும். ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரினோ என்று ஒரு சின்ன ஊர், வெங்காய பர்கருக்குப் பெயர் போனது. கறி விலை கட்டுப்படியாகாத பஞ்ச காலத்தில் வெங்காயத்தை வைத்துக் கறியைப் பெருக்கிய வழக்கம் அங்கே இன்றைக்கும் நிற்கிறது. அவர்களும் பிசைவதில்லை. கல்லில் வைத்த கறி உருண்டையின் மேல் மெல்லிசாகச் சீவிய வெங்காயத்தைக் குவித்து, தோசைக் கரண்டியால் ஒரே அமுக்கு. வெங்காயம் கல்லில் பட்டுச் சிவந்து கறியோடு ஒட்டிக்கொள்ளும். அது கல்லில் செய்ய வேண்டியது, கம்பித் தட்டில் செய்தால் வெங்காயம் தணலுக்குள்தான் போகும்.

கரியும் ஒரு மசாலாதான், அதுவும் எல்லாவற்றையும்விடப் பெரியது. கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து எழுகிற புகைதான் கிரில் பர்கரை அடுப்படி பர்கரிலிருந்து பிரிக்கிறது. தலையணை வடிவில் வரும் கரிக்கட்டி எங்கள் மாநிலத்துச் சரக்கு. மிஷிகனின் வடபகுதியில், அயர்ன் மவுண்டன் பக்கத்தில், மாடல் டி காரின் மர பாகங்களை அறுத்த ஆலையில் மீந்த துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் 1920களில் ஹென்றி ஃபோர்டு கரியாக்கி விற்றார். அந்த இடத்தைத் தேடிக் கொடுத்த உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயரில்தான் இன்றைக்கும் அந்தக் கரி விற்கிறது. அந்தக் கரி மேல் திரவ எரிபொருளை ஊற்றிப் பற்றவைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வாடை கறியில் ஏறினால் எந்த மிளகாலும் இறங்காது. இரும்புச் சிம்னியில் கரியை அடுக்கி, அடியில் செய்தித்தாளைக் கொளுத்தினால் கால் மணி நேரத்தில் மேல் கரி சாம்பல் பூத்துவிடும். அதை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் கொட்டுங்கள். மறு பாதி, நெருப்பு எழும்பும்போது கறியை நகர்த்திவைக்க. வேகும் பேட்டியைக் கரண்டியால் அமுக்கிச் "சொய்ங்" என்று சத்தம் கேட்பதில் சிலருக்கு ஒரு ஆனந்தம். அந்தச் சத்தம் சாறு தீயில் போகிற சத்தம்.

வேக்காட்டில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. முழுத் துண்டுக் கறியில் கிருமி வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். அரைத்துவிட்டால் உள்ளேயும் கலந்துவிடும். 1993இல் வாஷிங்டன் மாநிலத்திலும் வேறு சில மேற்கு மாநிலங்களிலும் சரியாக வேகாத ஹாம்பர்கரால் எழுநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ. கோலை ஓ157 என்ற பெயரை அமெரிக்கத் தாய்மார்கள் அறிந்தது அப்போதுதான். மறு வருடமே அந்தக் கிருமி இருக்கும் அரைத்த கறியை விற்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. உள்வெப்பம் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ் என்பது அரசின் கணக்கு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, உள்ளே பழுப்பாகிவிட்ட கறி சூட்டில் குறைவாக இருக்கலாம். தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடு வரைக்கும் செருகிப் பார்க்க வேண்டும். குழந்தைகள் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் இதைச் செய்ய எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. இவ்வளவு வெந்த பிறகும் சாறு இருக்க வேண்டும் என்றால் அந்த இருபது பங்கு கொழுப்பும் உதிரி உதிரியான பக்குவமும்தான் காப்பாற்றும்.

எங்கள் கூட்டத்தில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் பாதிக்கு மேல். அவர்களுக்கு வான்கோழி, அதற்கு விதி வேறு. வான்கோழியில் கொழுப்பு குறைவு, தனி வாசனையும் பெரிதாக இல்லை, தட்டினால் பிளந்துகொண்டு போகும். இங்கே கட்டு வேண்டும், ஈரமும் வேண்டும். அதனால் உப்பைக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே சேர்க்கலாம். பாலில் நனைத்த பிரெட், துருவிப் பிழிந்த வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லித் தழை, ஒரு கரண்டி எண்ணெய். நம் பிசைகிற கைக்கு இங்கே நல்ல வேலை உண்டு. இது 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, முடிந்தால் அவர்களுக்கே முதல் பந்தி. கறி பட்ட கம்பியில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது விருந்தோம்பல் ஆகாது.

"அண்ணா, இதுல மசாலாவே போடலையே, பசங்க சாப்பிடுவாங்களா?" என்று ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒரு தங்கை கேட்பார். காரத்துக்கும் மசாலாவுக்கும் பன்னுக்குள் இடம் இருக்கிறது என்பது என் பதில். மிஷிகனிலேயே ஆலிவ் பர்கர் என்று ஒன்று உண்டு. ஃபிளின்ட், லான்சிங் பக்கம் போனால் கிடைக்கும். உப்பில் ஊறிய பச்சை ஆலிவைப் பொடியாக நறுக்கி மயோனைஸில் கலந்து கறிக்கு மேல் குவித்துத் தருவார்கள். புளிப்பும் உவர்ப்பும் மேலிருந்து வரும், கறி கறியாகவே இருக்கும். நான் அதே வழியில் மயோனைஸில் புதினாத் துவையலைக் கலப்பேன், சில நாள் வடுமாங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுவேன். எலுமிச்சைச் சாறும் மிளகாய்த்தூளும் விரவிய சின்ன வெங்காயமும் நன்றாக இருக்கும். பன்னின் உட்பக்கத்தைத் தணலில் லேசாக வாட்டி, சாறு இறங்காமல் அடியில் ஒரு லெட்டூஸ் இலை வைத்தால் கடைசிக் கடி வரை நனையாது. வடுமாங்காயும் சீஸும் சேர்கிற நாளில் இரண்டிலும் உப்பு ஏற்கெனவே நிறைய இருக்கும், பேட்டிக்குத் தூவுவதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.